கம்பியை விடாத அமான்

ராயபுரத்து அமானுக்கு வயது நாற்பத்தொன்பது. அந்த வயதுக்கு 'அவர்' என்று சொல்வதுதான் முறை. ஆனால் அமானை 'அவர்' என்றால் கோபித்துக்கொள்வான். 'சார்' என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். மருந்துக்கடைப் பெண் ஒருமுறை 'அங்கிள்' என்று கூப்பிட்டுவிட்டாள் என்பதற்காகச் சர்க்கரை மாத்திரை வாங்க இப்போது இரண்டு தெரு தள்ளிப் போகிறான். எதற்கு வம்பு, நாமும் அவன் என்றே வைத்துக்கொள்வோம்.

அமான் ஹெவி மெட்டல் ரசிகன். அதுவும் சாதாரண ரசிகன் இல்லை, கம்பிக்காரன். கச்சேரி மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் இடுப்புயரத்துக்கு ஓர் இரும்புத் தடுப்பு போட்டிருப்பார்களே, அதன் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் நின்றே தீருகிறவன். கம்பியை விட்டு நடுவில் போகிறவன், போட்டிருக்கும் கறுப்பு டீ-ஷர்ட்டை அங்கேயே கழற்றி, நிற்கிறவன் கையில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதற்கப்புறம் ஜென்மத்துக்கும் அவன் மெட்டலைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. இது சட்டம். சட்டத்தைப் போட்டவனும் அமான்தான்.

போட்டது இருபத்திரண்டு வயதில். துறைமுகத்தில் இறங்கும் கப்பல்காரர்களிடம் பிரியாணிப் பொட்டலம் கொடுத்து மாற்றாக கேசட் வாங்கிக் கேட்டு வளர்ந்த பதினோரு பேர் அப்போது சேர்ந்திருந்தார்கள். நகரத்தின் தென்பகுதியில் ஒரு பணக்காரக் கல்லூரி விழாவில் கச்சேரி. பக்கத்தில் நின்ற பையன்கள் 'நீங்க எந்த ஏரியா?' என்று இங்கிலீஷில் கேட்டார்கள். ராயபுரம் என்றதும் தங்கள் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு முழங்கையால் அவர்களை ஒதுக்கி முன்னால் போய்ப் பிடித்த கம்பி அது. அதை விட்டால் மானம் போச்சு என்று அமான் சொன்னான். மற்ற பத்துப் பேரும் ஆமாம் என்றார்கள். அதுவரைக்கும் நியாயம்தான்.

அப்புறம் நியாயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, சட்டம் மட்டும் மிஞ்சியது. அறிவு என்று ஒரு தோழன். கச்சேரி நடுவில், அவன் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டதாகப் போன் வந்தது. "போ. சட்டைய குட்த்துட்டு போ" என்றான் அமான். அறிவு வெற்றுடம்போடு ஆஸ்பத்திரிக்கு ஓடித்தான் மகளைக் கையில் வாங்கினான். இன்னொருவன் வெயிலில் மயங்கி விழுந்தான். மயக்கம் தெளிவதற்குள் சட்டையை உருவிவிட்டார்கள். இப்படி எட்டுப் பேர் உதிர்ந்தார்கள். எட்டுச் சட்டைகளும் அமான் வீட்டு டிரங்குப் பெட்டிக்குள் போயின. அவன் மனைவி ரஹீமுன்னிசா அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கிழித்துப் பயன்படுத்திவிட்டாள். மண்டையோட்டுப் படம் போட்ட துணியால் அடுப்பு மேடை துடைக்கிற வீடு ராயபுரத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும்.

மிச்சம் மூன்று பேர். அமான், வேம்பு, ஜெபின். வேம்பு புளியந்தோப்புக்காரன், ரயில்வேயில் எலக்ட்ரீஷியன். ஜெபின் காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு எஞ்சின் வேலை பார்க்கிறவன். மூவருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. ஒரு காலத்தில் எந்த கிட்டார்காரன் பெரியவன் என்று விடிய விடிய அடித்துக்கொண்ட குழு. இப்போது அதில் முட்டிக்கு எந்தப் பட்டை நல்லது, வெந்தயத்தை ஊறவைத்துத் தின்பதா, பொடித்துத் தின்பதா என்கிற விவாதம் நடக்கிறது.

ரசனையும் அப்படித்தான் திசைக்கொன்றாகப் போய்விட்டது. வாலிபத்தில் நிமிஷத்துக்கு இருநூறு அடி அடிக்காத டிரம்மரை டிரம்மர் என்றே ஒத்துக்கொள்ளாத வேம்பு, இப்போது ஆமை நடக்கிற வேகத்தில் வாசிக்கிற குழுக்களை மட்டும் கேட்கிறான். கேட்டால், "ஸ்பீடா அடிச்சா பிரஷரு ஏறுது மாமு" என்பான். ஜெபினுக்கு எந்தக் குழுவானாலும் முதல் ஆல்பம் மட்டும்தான் ஆல்பம். அதற்கப்புறம் வந்ததெல்லாம் சோப்பு விளம்பரம். அமான் மட்டும் மாறவில்லை. அதாவது, மாறவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். திருவொற்றியூர் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டில், பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ராட்சத வண்டியை ஓட்டுவது அவன் வேலை. அந்த வண்டியின் கேபினில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, புல்லாங்குழல் வருகிற பழைய சினிமாப் பாட்டுகளைச் சன்னமாக வைத்துக் கேட்பான். அது அவனுக்கும் அல்லாவுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம்.

இந்த நிலையில்தான் மார்ச்சுவரி ஷிஃப்ட் வருகிறது என்று செய்தி வந்தது. பெங்களூர்க் குழு. மூவரும் உயிரை விட்ட குழு. பிரிந்து போய்ப் பல வருஷம் கழித்து மறுபடி சேர்ந்திருக்கிறார்கள். அதைவிட ஆச்சரியம், கச்சேரி நடப்பது திருவொற்றியூரில். மூடிப்போன வயர் கம்பெனியின் குடோனை யாரோ வாங்கி, வெள்ளையடிக்காமல் அப்படியே விட்டு, துருப்பிடித்த தூண்களுக்கு விளக்குப் போட்டு, கலை அரங்கம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்த கேட்டில் வேலை கேட்டு நின்ற ஊர், இப்போது டிக்கெட் வாங்கி நிற்கப் போகிறது.

டிக்கெட் வாங்கிக் கொடுத்தது அமானின் மகள் நவ்ரீன். கல்லூரியில் படிக்கிறாள், போனில் எதையும் வாங்கத் தெரிந்தவள்.

"அத்தா, மாடில சோபா பாஸ் ஒண்ணு கீது. ஏசி. பக்கத்துலயே பாத்ரூம்" என்றாள்.

பக்கத்துலயே பாத்ரூம் என்ற வார்த்தை அமானின் காதில் ஒரு கணம் தேனாகப் பாய்ந்தது. பாய்ந்ததற்காக அவனுக்கு அவன் மேலேயே கோபம் வந்தது.

"மெட்டல் கச்சேரிய சோபால குந்திகினு பாப்பாங்களா? நான் இன்னா நிக்காஹ் வூட்டுக்கா போறேன்? கம்பிகிட்ட வாங்கு" என்றான்.

"வாங்கு வாங்கு" என்று உள்ளேயிருந்து ரஹீமுன்னிசா சொன்னாள். "அடுத்த வாரம் யார்டுல காது டெஸ்டு கீது. ஏற்கெனவே நான் நாலு தபா கூப்டாதான் ஒரு தபா திரும்பறாரு. அதுவும் போச்சுன்னா வண்டிய புடுங்கிகினு கேட்டுல உக்கார வச்சிடுவானுங்க. போயி கம்பிய புடிச்சிகினு நில்லு."

ரஹீமுன்னிசா பொய் சொல்கிறவள் இல்லை. இடது காது மந்தம் என்று போன டெஸ்டிலேயே எழுதிவிட்டார்கள். அமானுக்கு உள்ளுக்குள் உதறல்தான். ஆனால் கம்பியை நினைத்தால் உதறல் அடங்கிவிடும். வீட்டில் ரஹீமுன்னிசா சொல்வது சட்டம். யார்டில் சூப்பர்வைசர் சொல்வது சட்டம். அமான் சொல்லி நாலு பேர் கேட்ட சட்டம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அதை எப்படி விடுவது?

கச்சேரிக்கு முந்தைய வாரம் முழுக்க அவன் கேபினில் கூவிப் பழகினான். மார்ச்சுவரி ஷிஃப்ட்டின் பதினோரு நிமிடப் பாட்டு ஒன்று உண்டு. நடுவில் எல்லா வாத்தியமும் சட்டென்று நின்று, விளக்கும் அணைந்துவிடும். அந்த இருட்டில் கம்பியிலிருந்து அமான் ஒரு நீளக் கூவல் விடுவான். அது முடிந்ததும் டிரம் இடிக்கும். பழைய நாளில் குழுவே அதற்காகக் காத்திருக்கும் என்பது அமானின் கட்சி. கூவலைக் கேட்ட யார்டு ஆட்கள், யார் காலிலோ பெட்டி விழுந்துவிட்டது என்று ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தார்கள்.

கச்சேரி நாளுக்கு இன்னோர் உபசட்டமும் சமீபத்தில் சேர்ந்திருந்தது. காலை நாஸ்தாவுக்கு அப்புறம் தண்ணீர் குடிக்கக் கூடாது. குடித்தால் ஒதுங்கப் போக வேண்டும், போனால் கம்பி போய்விடும். நோன்பு வைத்துப் பழகிய அமானுக்கு இது பெரிய காரியமில்லை. வேம்புக்குத்தான் ஒவ்வொரு முறையும் நாக்கு உலர்ந்துவிடும்.

"உன்னால நானும் நோம்பு வச்சிகினு கீறேன் நைனா" என்றான் அவன், குடோன் வாசல் வரிசையில் நின்றபடி. மாலை வெயில் இன்னும் சுள்ளென்று அடித்தது. "ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இன்னிக்கி நான் வுடமாட்டேன். உன் சட்டைய வாங்காம வூட்டுக்கு போவமாட்டேன்."

வேம்பு சிரிக்கவில்லை. அமான் அவன் பக்கம் திரும்பினான். "இன்னாத்துக்கு திடீர்னு?" என்றான்.

"திடீர்னு இல்ல மாமு. எட்டு பேரு சட்டைய நீ வாங்கி வச்சிக்கினப்ப நானும் பக்கத்துல நின்னுகினுதான் இருந்தேன்."

வரிசை நகர்ந்தது. சுற்றிலும் பிள்ளைகள். எல்லோரும் கறுப்புச் சட்டை, கறுப்பு உதட்டுச் சாயம், முகத்தில் பிசாசுக் களை. வாயைத் திறந்தால் மட்டும் எக்ஸ்க்யூஸ் மீ, சாரி, தேங்க்ஸ். தெற்கிலிருந்து டாக்சி பிடித்து வந்தவர்கள், வந்து சேர்ந்துவிட்டோம், பயப்படாதே என்று வீட்டுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். உள்ளே காசுக்குப் பதில் மணிக்கட்டில் ஒரு பட்டை. அதைக் காட்டினால் சிறுதானியத் தோசை கிடைத்தது. பிசாசுகள் வரிசையில் நின்று தோசை வாங்கின.

மூவரும் ஓட்டமும் நடையுமாகப் போய்க் கம்பியைப் பிடித்தார்கள். ஓட்டம் அமானுடையது, நடை மற்ற இருவருடையது. பிடித்ததும் ஒவ்வொருவனும் முட்டியை ரகசியமாகத் தடவிக்கொண்டான்.

முதலில் ஒரு சின்னக் குழு வாசித்தது. அது முடிவதற்குள்ளேயே ஜெபின் நெளிய ஆரம்பித்தான்.

"பாட்டு லிஸ்ட்டு பாத்தியா? மொத ஆல்பத்துலேர்ந்து ஒண்ணுதான் போட்டுகிறானுங்க" என்றான். "இதுக்கு நான் இன்னாத்துக்கு நிக்கணும்? கொள்கைன்னு ஒண்ணு கீது இல்ல?"

கொள்கைக்காக வெளியேறுகிறவன் டீ-ஷர்ட்டைக் கழற்றினான். உள்ளே இஸ்திரி போட்ட கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை, பட்டன் எல்லாம் பூட்டி, தயாராக இருந்தது. பையில் சீப்பு கூட வைத்திருந்தான். தலையை வாரிக்கொண்டு நேராகத் தோசைக் கடைப் பக்கம் போனான். அங்கே நாற்காலி இருந்தது.

ஜெபினின் சட்டை கம்பியில் தொங்கியது. வழக்கமாக அமான் எட்டிப் பிடுங்குவான். இன்றைக்கு அவனுக்குக் கை எழவில்லை. தனக்கும் உள்ளே ஓர் அரைக்கைச் சட்டை இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தான். அவன் உள்ளே போட்டிருந்தது பழைய பனியன்.

பின்னாலிருந்து ஒரு பெண் தோளைத் தொட்டாள். இருபது வயதிருக்கும். மூக்கில் வளையம், கழுத்தில் சங்கிலி. தன் பெயர் ரூஹி என்று அறிமுகம் செய்துகொண்டாள். இதுவே அமானுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கம்பியருகே இத்தனை வருஷத்தில் யாரும் பெயர் சொல்லிக்கொண்டு இடித்ததில்லை.

"அங்கிள், அடுத்த பேண்டுக்கு நாங்க பின்னாடி மோதி ஆடப்போறோம். உங்களுக்கு ஓகேதானே? பயமா இருந்தா சொல்லுங்க, உங்களைச் சுத்தி ஒரு வட்டம் போட்டுடறோம்."

"எங்களுக்கா? பயமா?" என்றான் அமான். "எங்க காலத்துல கேட்டுகினு இடிக்க மாட்டாங்க பாப்பா. பல்லு போயிடும்."

"ஐயோ, பாவம்" என்றாள் ரூஹி, உண்மையான இரக்கத்தோடு. பையிலிருந்து உப்பும் சர்க்கரையும் கலந்த பானம் ஒன்றை எடுத்து நீட்டினாள். "டீஹைட்ரேட் ஆயிடாதீங்க."

அமான் வேண்டாமென்று மறுத்தான். வேம்பும் மறுத்தான், ஆனால் அந்தப் பாட்டிலைவிட்டுக் கண்ணை எடுக்கச் சற்று நேரம் பிடித்தது. ரூஹி அதைக் கம்பியடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். இரண்டு நிமிஷத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் கைகோத்து, இரண்டு கிழவர்களையும் சுற்றி வட்டம் போட்டுவிட்டார்கள். காளை மாட்டுக்குக் கயிறு கட்டிய மாதிரி ஆகிவிட்டது அமானின் வீரம்.

மார்ச்சுவரி ஷிஃப்ட் மேடையேறியது. முதல் அடியிலேயே அமானின் இடது காதுக்குள் ஊசி இறங்கியது. அடுத்த வாரம் டெஸ்ட் என்பது நினைவுக்கு வந்தது. கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதுவது போல ஒரு காட்சியும் கூடவே வந்தது. வேம்பு கண்ணை மூடி ஆடிக்கொண்டிருந்தான். அந்தச் சமயம் பார்த்து, அமான் பேன்ட் பையிலிருந்து இரண்டு ஆரஞ்சுப் பஞ்சுத் துண்டுகளை எடுத்தான். யார்டில் சத்தத்துக்காகக் காதில் அடைத்துக்கொள்ளக் கொடுப்பது. உருட்டி உள்ளே தள்ளி, மேலே தலையைச் சுற்றிக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டான்.

கம்பிக்காரன் காதில் பஞ்சு வைப்பதென்றால், அதற்கு இதுவரை சட்டம்கூடப் போட்டதில்லை. அப்படி ஒருவன் செய்வான் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்?

ஆனால் என்ன சுகம். சத்தமெல்லாம் தூரமாகப் போய், யார்டின் இரைச்சலாக மாறிவிட்டது. அவனுக்குப் பழகிய இரைச்சல். கம்பி வழியாக அடி மட்டும் கைக்கு வந்தது. கண்ணை மூடினான். பாட்டு மாறியது, மாறியது. நடுவில் பாடகர் ஏதோ பேசினார். அமான் கவனிக்கவில்லை, பேச்சு கேட்கவா வந்தோம்? அப்புறம் கையில் அடி நின்றது. இமை வழியே தெரிந்த வெளிச்சமும் அணைந்தது.

வந்துவிட்டது, என்று அமான் நினைத்தான். பதினோரு நிமிடப் பாட்டு. தன் இடம்.

மூச்சை அடிவயிறு வரைக்கும் இழுத்து, தலையைப் பின்னால் சாய்த்துக் கூவினான். கண்ணைத் திறக்காமலே, ஆள்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் நீட்டிக் கொம்பு முத்திரை காட்டிக்கொண்டு, தலையைச் சிலுப்பிச் சிலுப்பி, மறுபடியும் கூவினான். டிரம் இடிக்கவில்லை. சரிதான், இன்னும் நீளமாக எதிர்பார்க்கிறார்கள் போலிருக்கிறது என்று மூன்றாவது முறையும் கூவினான்.

அப்போது யாரோ அவன் கைக்குட்டையை விலக்கி, வலது காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கினார்கள். வேம்பு.

அமானுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பஞ்சு போயும் ஒன்றும் கேட்கவில்லை. காது முழுசாகப் போய்விட்டதென்று ஒரு கணம் குலை நடுங்கிவிட்டது. அப்புறம் எங்கேயோ ஒரு குழந்தைப் பிசாசு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. குடோனில் இரண்டாயிரம் பேர் தலை குனிந்து நின்றிருந்தார்கள்.

"மாமு," என்று வேம்பு அவன் காதோடு சொன்னான், "போன வருசம் செத்துப்போன இவனுங்க டிரம்மருக்கு மௌன அஞ்சலி நடந்துகினு கீது."

அமானுக்கு அவமானத்தில் உடம்பு முழுக்க எரிந்தது. பூமி பிளந்தால் போதும், அடுத்த ரயிலில் கும்மிடிப்பூண்டிக்கு ஓடிப்போனாலும் போதும் என்று இருந்தது. ஆனால் கம்பியை விட முடியாது. விட்டால் சட்டை போய்விடும். தன் சட்டத்தின் கம்பிக்குள் தானே மாட்டிக்கொண்டு, எல்லோரும் திரும்பிப் பார்க்க நின்றான்.

பின்னால் ரூஹி அழுதுகொண்டிருந்தாள். அவள் முகத்தை உயர்த்தி, அமான் கூவிய அதே மாதிரி, நடுங்கும் குரலில் ஒரு கூவல் கூவினாள். பக்கத்திலிருந்தவன் கூவினான். வட்டம் போட்ட பிள்ளைகள் எல்லோரும் கூவினார்கள். அடுத்த கணம் குடோனே கூவியது. பழைய ஆட்கள் செத்தவனை இப்படித்தான் வழியனுப்புவார்கள் போலிருக்கிறது என்று பிள்ளைகள் நினைத்துவிட்டார்கள். இரண்டாயிரம் கையில் கொம்பு முத்திரை, இரண்டாயிரம் தொண்டையில் ஒப்பாரி.

விளக்கு வந்தபோது பாடகர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் ஐம்பத்தைந்துக்குக் குறையாது. பாட்டு வரிசை எழுதிய தாளைப் படிக்க மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார். மைக்கில், இப்படி ஒரு அஞ்சலியை எங்கள் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். ஆரம்பித்து வைத்த அந்தப் பெரியவர் மேடைக்கு வர வேண்டும், கடைசிப் பாட்டை அவரோடு சேர்ந்து பாட ஆசை என்றார்.

கூட்டம் "அங்கிள், அங்கிள்" என்று முழங்கியது. வாழ்க்கையில் முதன்முறையாக அந்தச் சொல் அமானுக்கு இனித்தது.

ஒரு காலைத் தூக்கிக் கம்பியின் மேல் வைத்துவிட்டான். அப்போதுதான் வேம்புவின் கையைப் பார்த்தான். உள்ளங்கை மேலே பார்க்க நீட்டியிருந்தது.

"போ மாமு" என்றான் வேம்பு. "போறதுன்னா சட்டைய கயட்டி குட்த்துட்டு போ."

"இன்னா வேம்பு. மேடைக்கில்ல கூப்டறாங்க. இது போறதா?"

"அறிவ ஆஸ்பத்திரிக்கி கூப்டாங்க."

பின்னால் முழக்கம் ஏறிக்கொண்டே போனது. இத்தனை நாள் சட்டம் சட்டம் என்று கம்பியில் தொங்கியவன், யோசிக்க எடுத்துக்கொண்டது ஒரு மூச்சு நேரம். டீ-ஷர்ட்டைத் தலைவழியாக உருவி வேம்பு கையில் போட்டான். வேம்பு அதை வாங்கிக்கொண்டு, மற்றக் கையிலிருந்த ஆரஞ்சுப் பஞ்சை அவன் உள்ளங்கையில் வைத்து மூடினான்.

"இதயும் எத்துகினு போ. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

அதைவிட அவன் நாலு பேரிடம் சொல்லியிருக்கலாம். அமானுக்கு அப்படித்தான் பட்டது.

நாலு பிள்ளைகள் சாமான் ஏற்றுவது போல அவனைத் தூக்கிக் கம்பிக்கு அந்தப் பக்கம் இறக்கினார்கள். அக்குளில் ஓட்டை விழுந்த பனியனும், பேன்ட்டுக்கு மேல் எட்டிப் பார்க்கும், இடுப்பு வலிக்குக் கட்டிய பட்டையுமாக அமான் மேடையேறினான். இரண்டாயிரம் போன்கள் அவனைப் பார்த்து எரிந்தன. பாடகர் வந்து இறுகக் கட்டிப்பிடித்தார். கூட்டம் உருகியது. கட்டிப்பிடித்தபடியே அவர் காதில் சொன்னார்:

"பிரதர், கெட்டியா பிடிச்சுக்கோங்க. முட்டி லாக் ஆயிடுச்சு. விட்டா விழுந்துடுவேன்."

பதினோரு நிமிடப் பாட்டு தொடங்கியது. பாடகரின் முழு எடையும் அமானின் இடது தோளில் இறங்கியது. கன்டெய்னர் தூக்கும் வண்டிக்காவது இரும்புக் கால். அமானுக்கு நீரும் முட்டிக்கொண்டு வந்தது. தண்ணீரே குடிக்காதவனுக்கு எங்கிருந்துதான் வருமோ. வாத்தியங்கள் நின்று விளக்கணைந்த இடத்தில் அவன் கூவ வாயெடுப்பதற்குள் இரண்டாயிரம் பேரும் கூவிவிட்டார்கள். அவன் கூவல் இனி ஊர்ச் சொத்து. அவன் வெறுமனே வாயை அசைத்தான்.

விளக்கு வந்ததும் கம்பியைப் பார்த்தான். மேடையிலிருந்து பார்த்தால் அது ஆட்டு மந்தைக்குப் போட்ட வேலி போலத்தான் இருந்தது. இத்தனை வருஷமாக அங்கிருந்து தன்னைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று நினைத்திருந்தான். இங்கிருந்து பார்த்தால் எந்த முகமும் தனியாகத் தெரியவில்லை. வேம்புவைத் தேடினான். காணோம். போய்விட்டானா? கம்பியை விட்டிருந்தால் அவனும் தோற்றவன், கணக்கு சரியாகிவிடும். எட்டிப் பார்த்தான்.

வேம்பு கம்பியடியில் உட்கார்ந்திருந்தான். அமானின் சட்டையைத் தரையில் விரித்து, அதன் மேல் சம்மணம் போட்டு, கம்பியில் முதுகைச் சாய்த்து, மேடைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். ரூஹி வைத்துவிட்டுப் போன பானத்தை நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தான். சட்டையைப் பிடுங்க இனி ஆளில்லை. உட்காருவதற்குத்தான் இத்தனை வருஷம் கம்பியைப் பிடித்துக் காத்திருந்திருக்கிறான். அமானுக்கு வயிறு எரிந்தது. மேடையும் விளக்கும் அங்கிள் முழக்கமும் எல்லாம் சேர்ந்தாலும் அந்த ஒரு சம்மணத்துக்கு ஈடாகாது என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்தது.

பாட்டு முடிந்தது. பாடகரை இரண்டு பேர் கைத்தாங்கலாக வாங்கிக்கொண்டார்கள். கழிப்பறைக்குப் போய்விட்டு, பின்வாசல் வழியாகச் சுற்றி, படம் எடுத்துக்கொள்ள வந்த பிள்ளைகளிடமெல்லாம் சிரித்துச் சிரித்து, பனியனோடு அமான் கம்பிக்கு வந்து சேர்ந்தான். கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. வேம்பு இன்னும் அப்படியே இருந்தான்.

"நவுரு" என்றான் அமான்.

வேம்பு நகரவில்லை. "இது என் சட்டை மாமு. கேட்டு குந்து."

அமான் அவன் முகத்தைப் பார்த்தான். கேலி இல்லை. கோபமும் இல்லை. தோழர்களிடம் அமான் எதையும் கேட்டு வாங்கியவனில்லை; கையை நீட்டுவான், அவர்கள் கழற்றிக் கொடுப்பார்கள். கேட்பதற்கு எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

"குந்தட்டா வேம்பு?" என்றான்.

வேம்பு பானத்தில் மிச்சமிருந்த ஒரு வாயையும் குடித்து முடித்தான். அப்புறம் ஒரு சாண் நகர்ந்தான்.